எட்டில் ஒரு அண்டா

கவிதா போன மாதம் போன் செய்தாள். "அண்ணா, நோட்டு செல்லாம போச்சே, அப்புறம் ஜி.எஸ்.டி., எலெக்ஷன், கொரோனா... அந்த அஞ்சாறு வருஷம் கடைய எப்படிண்ணா ஓட்டினீங்க? எழுதிக் குடுங்களேன். இப்ப இருக்கறவங்களுக்கு ஒண்ணுமே தெரில. ஒரு ஆர்டர் கேன்சல் ஆனா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கறாங்க" என்றாள்.

எப்படி ஓட்டினோம் என்று எனக்கே தெரியாது. நாங்கள் ஓட்டினோமா, அது தானாக ஓடியதா, இல்லை நின்றுபோனதை ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோமா, அதுவும் தெரியாது. ஆனாலும் கேட்பது முதலாளியம்மாவின் மகள். கடை இப்போது அவள் கையில் இருக்கிறது. ஓய்வெடுத்து வீட்டில் உட்கார்ந்திருக்கிற மனுஷனை மதித்துக் கேட்கிறாள். அதனால் தெரிந்ததை எழுதுகிறேன். தெரியாததையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. அதுதான் ஜாஸ்தி.

எங்களுடையது சப்ளையர்ஸ் கடை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கருமாதி எதுவானாலும் சாமியானா, நாற்காலி, மேஜை, சமையல் பாத்திரம் எல்லாம் எங்களிடமிருந்து வாடகைக்குப் போகும். திருவண்ணாமலையில் தேரோடும் வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் கீழே கடை, மாடியில் முதலாளி வீடு. நான் தண்டராம்பட்டு பக்கத்துக் கிராமத்துக்காரன். பிளஸ் டூ முடித்து, அரசாங்க வேலைக்குப் பதிந்துவைத்துவிட்டு, அது வருகிற வரைக்கும் இருக்கலாம் என்று இந்தக் கடையில் சேர்ந்தேன். அது இன்னும் வரவில்லை. நாற்காலி அடுக்கினேன், பந்தக்கால் நட்டேன், முதுகு போனது, மேனேஜர் ஆனேன். விசிட்டிங் கார்டில்தான் மேனேஜர். ஊரில் எனக்குப் பெயர் அண்டா முருகேசன்.

அந்தப் பெயருக்குக் காரணம் உண்டு. எங்கள் தொழிலில் நாற்காலி உடைந்தால் ஒரு நாற்காலிதான் போகும். அண்டா விஷயத்தில் தப்பு நடந்தால் கடையே போய்விடும். சைவ அண்டா வேறு, பிரியாணி அண்டா வேறு. கோயில் குருக்கள் வீட்டு விசேஷங்களுக்கும், பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் அன்னதானம் போடுகிறவர்களுக்கும் போவது சைவ அண்டா. அதில் ஒரு தடவைகூடக் கறி வெந்திருக்கக் கூடாது. பிரியாணி அண்டாவின் காதில் சிவப்பு பெயிண்ட் அடித்திருப்போம். அவை பின்பக்கச் சுவரோரம் வெளியே கவிழ்ந்து கிடக்கும். சைவ அண்டாக்கள் உள்ளே பலகை மேல் இருக்கும். தேய்க்கிற நார்கூட இதற்கு வேறு, அதற்கு வேறு. ஒரே வண்டியில் இரண்டையும் ஏற்ற மாட்டோம்.

வெளியே போய்த் திரும்புகிற அண்டாவை நான்தான் பார்த்து வாங்குவேன். முதலில் விரலை மடக்கி அடிப்பக்கத்தில் தட்டுவேன். ஓட்டை விழப்போகிற அண்டா மந்தமாகச் சத்தம் கொடுக்கும். அடுத்து தண்ணீர் நிரப்பி, வெளிப்புறத்தைச் சுற்றி உள்ளங்கையால் தடவுவேன். கடைசியில் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தலையை உள்ளே விட்டு மோந்து பார்ப்பேன். அந்தக் கோலத்திலேயே எத்தனையோ வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். அண்டாவுக்குள்ளிருந்து பேசினால் என் குரல் எனக்கே ஒரு பெரிய அதிகாரியின் குரலாகக் கேட்கும். வெளியே எடுத்தால் பழைய முருகேசன்தான்.

இத்தனைக்கும் நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கறி சாப்பிடுகிறவன். மாடியில் முதலாளியம்மா வீட்டிலிருந்து வாரத்தில் இரண்டு நாளாவது மீன் குழம்பு வாசம் இறங்கி வரும். எங்களுக்காக இந்த ஏற்பாடு இல்லை. வாங்கிப் போகிறவர்கள் நம்பி வாங்கிப் போகிறார்கள், அவ்வளவுதான்.

முதலாளியம்மாவின் பெயர் சரோஜா. வீட்டுக்காரர் மாரடைப்பில் போன பிறகு கடை அவர் பொறுப்புக்கு வந்தது. ஆயுத பூஜையைத் தவிர கீழே இறங்க மாட்டார். மாடி வராந்தாவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, வண்டி ஏற்றுவதைப் பார்ப்பார். அங்கிருந்தே பேசுவார். பேசுவார் என்று சொல்வதும் ஜாஸ்திதான். எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து வருவது ஒரே ஒரு வார்த்தை: "பாக்கலாம்."

இருநூறு நாற்காலி புதிதாக வாங்கலாமா என்று கேட்டால் "பாக்கலாம்." வாங்கிவிட்டேன் என்றாலும் "பாக்கலாம்." என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, பந்தலும் பாத்திரமும் கடையிலிருந்து எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கும் "பாக்கலாம்" என்றுதான் சொன்னார். நான் மனசு உடைந்து வெளியே ஒரு கடையில் விசாரித்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் பார்த்தால், எங்கள் கடையின் இருப்பு மொத்தமும் மண்டபத்து வாசலில் இறங்குகிறது. இழுத்துச் சொன்னால் சரி, வெட்டிச் சொன்னால் வேண்டாம் என்று நானே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அந்தக் கணக்கு பாதி நேரம் சரியாக இருந்தது. பாதி நேரம் என்றால் காசைச் சுண்டிப் போட்டே பார்த்திருக்கலாம்.

இந்த லட்சணத்தில்தான் அந்தக் கெட்ட வருடங்கள் வந்தன. நோட்டு செல்லாது என்று அறிவித்தபோது கல்யாண சீசன். பெண்ணைப் பெற்றவர்கள் கடை வாசலில் நின்று, நாங்கள் என்னவோ ரிசர்வ் வங்கி மாதிரி எங்களிடம் சண்டை போட்டார்கள். பிறகு ஜி.எஸ்.டி. வந்தது. சாமியானா போடுவது சரக்கா, சேவையா என்று ஆடிட்டரிடம் கேட்டேன். அவர் தன் சீனியரைக் கேட்டார். அவர் வேறொருவரைக் கேட்டார். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். துணியை மட்டும் கொடுத்தால் ஒன்று, கட்டியும் கொடுத்தால் இன்னொன்று என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, என் ஆட்கள் பந்தலைக் கட்டலாமா வேண்டாமா என்று கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற நாளும் உண்டு. பெரிய கல்யாணங்களெல்லாம் கேட்டரிங்காரர்கள் பக்கம் போய்விட்டன. அவர்கள் சொந்தமாகவே பாத்திரம் கொண்டுவருகிறார்கள்.

அதற்குப் பிறகு தேர்தல். தேர்தல் வந்தால் எங்களுக்கு நல்ல காலம் என்று வெளியில் நினைப்பார்கள். அது ஒரு காலம். இப்போது மேடைக்கு அனுமதி, மைக்குக்கு அனுமதி, சாப்பாடு போட்டால் கேஸ். அதனால் கட்சிக்காரர்கள் பிரியாணி அண்டா எடுக்க வந்தால் "காதுகுத்து" என்று சொல்வார்கள். யார் காது என்று நாங்கள் கேட்க மாட்டோம். அப்படித்தான் ஒரு காதுகுத்துக்கு எங்கள் பிரியாணி அண்டா அத்தனையும் ஊருக்கு வெளியே ஒரு மாந்தோப்புக்குப் போயின. தம் போட்டு மூடிய நேரத்தில் பறக்கும் படை வந்து இறங்கிவிட்டது. பிரியாணியோடு அண்டாக்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அண்டாவை மீட்கப் போன என்னிடம் ஓர் அதிகாரி கேட்டார்:

"அண்டா உங்களுதுங்கறீங்க. அப்ப பிரியாணி யாருது?"

"தெரியாதுங்க சார்."

"உங்க அண்டால வெந்தது உங்களுக்குத் தெரியாதா?"

அண்டா வாடகைக்கு விடுகிறவனுக்கு உள்ளே என்ன வேகிறது என்று தெரிய வேண்டுமா, வேண்டாமா? அந்த இடத்தில் எனக்கு விளங்கவில்லை. அண்டா எடுத்துப் போன கட்சிக்காரர்கள், நாங்கள்தான் துப்பு கொடுத்தோம் என்று சந்தேகப்பட்டார்கள். எதிர்க் கட்சிக்காரர்கள், அவர்களுக்கு அண்டா கொடுத்தவன்தானே நீ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரே விருந்தில் இரண்டு பக்கமும் பகை. அந்தத் தேர்தலில் அதற்கப்புறம் எங்கள் நாற்காலியில் ஒரு தொண்டன்கூட உட்காரவில்லை. ஓட்டெல்லாம் எண்ணி முடித்து வெகுநாள் கழித்து அண்டாக்கள் திரும்பி வந்தன. அடி நசுங்கி, காது பெயர்ந்து, ஒன்றும் உருப்படி இல்லை. புதிதாக வாங்க வேண்டுமே என்று மேலே பார்த்துக் கேட்டேன். "பாக்கலாம்." மறுநாள் பழைய இரும்புக்காரர் வந்து அத்தனையையும் எடைக்கு எடுத்துப் போனார். கடையில் மிஞ்சியது எட்டு சைவ அண்டாக்கள்தான்.

அப்புறம் கொரோனா. கல்யாணத்துக்கு இத்தனை பேர்தான் என்றார்கள், சாவுக்கு இத்தனை பேர்தான் என்றார்கள், கிரிவலமே வரக் கூடாது என்றார்கள். பௌர்ணமி நிலவு காலியான பாதையில் காய்ந்தது. கடைக்கு எதிரில் மாடுகளைத் தவிர வேறு நடமாட்டம் கிடையாது. ஜனங்கள் வந்தால்தான் இந்த ஊரில் சாமியாருக்கும் சோறு, பூக்காரிக்கும் சோறு, லாட்ஜில் துணி துவைக்கிறவனுக்கும் சோறு. ஒரு வாரத்திலேயே பசி வெளியே தெரிய ஆரம்பித்தது.

ஒரு நாள் காலையில் தாஜுதீன் மாஸ்டர் வந்தார். இந்த வட்டாரத்தில் பெரிய பிரியாணி மாஸ்டர். எங்களிடம் பல வருடம் அண்டா எடுத்தவர். அவருடன் ஆட்டோ ஸ்டாண்ட் ஆட்கள் இரண்டு பேர், முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"முருகேசண்ணே, வேங்கிக்கால்ல ஒரு மண்டபம் சும்மாதான் கெடக்குது, ஓனர் தரேன்னுட்டாரு. அரிசி பருப்பு சேருது. ஆஸ்ரமத்துப் பக்கம் இருக்கற வெள்ளைக்காரங்ககூட குடுக்கறாங்க. எங்கிட்ட பாத்திரம் இல்ல. என் தேக்சாலாம் ஆரணில ஒரு கல்யாண வீட்டோட மாட்டிக்கினு இருக்குது. உங்க அண்டா குடுங்க."

"மாஸ்டர், எங்கிட்ட இருக்கறது எல்லாம் சைவ அண்டா. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்ணே. தக்காளி சாதம், சாம்பார் சாதம், அவ்ளோதான். கறி போட மாட்டேன். உங்க அண்டாக்கு நான் கேரண்டி."

நான் மேலே பார்த்தேன். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வழக்கமான வார்த்தைதான் வரும் என்று காத்திருந்தேன். "எட்டயும் குடுத்துடு. வாடகை போடாத" என்றார். வாழ்க்கையிலேயே அவர் அவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை. மாஸ்டரே அண்ணாந்து பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

அவர்கள் சமைத்தார்கள். கொஞ்ச நாள் இல்லை, பல மாதம். ஊரடங்கு தளர்வதும் இறுகுவதுமாக இருக்கிறபோதெல்லாம் சமைத்தார்கள். மண்டபத்துக்கு நானும் போய் விறகு தள்ளியிருக்கிறேன். மாஸ்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அண்டாவை வைக்கிற தரையைக்கூடத் தினமும் கழுவினார்.

எல்லாம் ஓய்ந்து அண்டாக்கள் திரும்பி வந்த அன்று மாஸ்டரும் கூடவே வந்தார். வண்டியிலிருந்து இறக்கத் தானும் ஒரு கை பிடித்தார். இறக்கி முடித்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, மறைக்கக் கூடாது. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு அண்டால கோழி போட்டோம்."

நான் அண்டாக்களைத் திரும்பிப் பார்த்தேன்.

"கோழிப் பண்ணைக்காரர் ஒருத்தர் விக்க முடியலன்னு வண்டி நெறய எறக்கிட்டுப் போய்ட்டாரு. புள்ளைங்க அத்தயே பாத்துக்கினு நிக்குதுங்க. மாசக்கணக்கா சாம்பார் சோறு துன்ன புள்ளைங்க. நான் மாட்டேன்னுதான் சொன்னேன். அப்புறம் மனசு கேக்கல. ஒரே அண்டா. அன்னிக்கே அதோட காதுல தேங்கா நார்க் கயிறு கட்டி வெச்சிட்டேன். அப்புறம் அத்த சுடுதண்ணிக்கு மட்டும்தான் வெச்சிருந்தோம். நீங்க கயிறப் பாத்து ஒதுக்கிக்கலாம்."

நல்ல மனுஷன். ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார். நான் எட்டு அண்டாவின் காதையும் பார்த்தேன். எதிலும் கயிறு இல்லை. ஆட்டோ ஸ்டாண்ட் ஆளைக் கூப்பிட்டு, "கயிறு எங்கப்பா?" என்று கேட்டேன். அவர் வண்டியைக் காட்டினார். எட்டு அண்டாவையும் ஆடாமல் சேர்த்துக் கட்டுவதற்குக் கயிறு போதவில்லை என்று, ஏதோ ஒரு அண்டாவின் காதில் சும்மா தொங்கிக்கொண்டிருந்ததை அவிழ்த்து முடிச்சுப் போட்டிருக்கிறார்.

"எந்த அண்டாலருந்து அவுத்த?"

"கவனிக்கலீங்களே" என்றார். அவரை என்ன சொல்வது? வண்டி குலுங்கி அண்டா கீழே விழாமல் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்.

மாஸ்டர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, ஒன்றைக் காட்டி "இதுதான்" என்றார். கொஞ்சம் யோசித்து, பக்கத்தில் இருந்ததைக் காட்டி "இல்ல, இதுதான்" என்றார். அப்புறம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "தெரிலண்ணே" என்றார். நான் எட்டுக்குள்ளும் தலையை விட்டு மோந்தேன். முதலில் எல்லாவற்றிலும் கோழி வாசம் அடித்தது. மறுபடி மோந்தேன், எதிலும் அடிக்கவில்லை. கொதிக்கிற தண்ணீரை ஊற்றி ஆறவைத்து, மேலே கொழுப்பு மிதக்கிறதா என்று பார்த்தேன். வானம்தான் மிதந்தது. ஏழு சுத்தம், ஒன்று இல்லை. அந்த ஒன்று எது என்று கண்டுபிடிக்க இந்த உலகத்தில் வழியில்லை. அப்படியென்றால் ஏழும் கெட்டுப்போனதா, இல்லை எட்டும் சுத்தமா? என் மூக்கை நம்பி ஊரே அண்டா எடுத்தது. அந்த மூக்கு அன்று என்னைக் கைவிட்டது.

மேலே பார்த்து விவரம் சொன்னேன். அம்மா "பாக்கலாம்" என்றார். இழுத்தும் சொல்லவில்லை, வெட்டியும் சொல்லவில்லை.

உள்ளே பலகை மேல் ஏற்ற மனசு வரவில்லை. பின்பக்கச் சுவரோரம் போடவும் கை வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் முற்றத்தில் கவிழ்த்து வைத்தேன். வாரா வாரம் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். நல்லவேளையோ கெட்டவேளையோ, அண்டா கேட்டு யாரும் வரவும் இல்லை. ஆட்கள் ஒவ்வொருவராக வேறு வேலைக்குப் போனார்கள். கடையின் முன்பாதியைச் செல்போன் கடைக்கு விட்டுவிட்டோம். கடைசியில் நானும், ஏற்றி இறக்க மூன்று ஆட்களும்தான் மிச்சம். கவிதா அப்போது சென்னையில் இருந்தாள். "மூடிடலாம்மா" என்று அவள் போனில் சொல்வது கீழே எனக்கே கேட்கும்.

கிரிவலத்துக்குத் தடை நீங்கியது. சித்ரா பௌர்ணமி நெருங்கியபோது கோதண்டம் ஐயா வருவதாகப் போன் வந்தது. திண்டிவனம் பக்கத்தில் அரிசி மண்டி வைத்திருப்பவர். ஒரு குழு சேர்த்து, வருடா வருடம் எங்கள் அண்டாவில் சமைத்துக் கிரிவலப் பாதையில் அன்னதானம் போடுவார். அவர் எடுத்தால் அவரைப் பார்த்து மற்ற குழுக்களும் எங்களிடமே எடுக்கும். அவர் வந்தால் கடை பிழைத்துவிடும். வரவில்லை என்றால் அந்த மாதமே மூட வேண்டியதுதான். நான் உட்பட நாலு குடும்பம்.

நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். முடிவு என்பதைவிட, யோசிப்பதை நிறுத்திவிட்டேன் என்று சொல்லலாம். எட்டு அண்டாவையும் பளபளவென்று தேய்த்து உள்ளே பலகை மேல் ஏற்றிவிட்டேன்.

ஐயா காரிலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. "என்ன முருகேசா, நல்லா இருக்கியாப்பா? ரெண்டு வருஷம் ஆண்டவன் நம்மள ஒக்கார வெச்சிட்டான். இந்த வாட்டி பர்மிஷன்லாம் வாங்கியாச்சி. எட்டு அண்டாவும் எனக்குத்தான்" என்றார்.

"எட்டும் ரெடியா இருக்குதுங்கய்யா" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா இறங்கி வந்தார். ஆயுத பூஜை இல்லை, ஒன்றும் இல்லை. வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அய்யா, எடுத்துக்கினு போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்து, கோழிப் பண்ணைக்காரரிலிருந்து தேங்காய் நார்க் கயிறு வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். அவருக்கு இத்தனை வார்த்தை தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கோதண்டம் ஐயா எழுந்து போய் அண்டாக்களைப் பார்த்தார். "எதும்மா அது?"

"தெரியலீங்க."

"ஒண்ணுதானே? அத ஒதுக்கிட்டு மீதி ஏழக் குடுங்க."

"எதுன்னு தெரிஞ்சா நானே ஒதுக்கியிருப்பேங்க."

"நல்லா தேச்சிட்டீங்கல்ல?"

"தேச்சிக்கினுதான்யா இருக்கேன், வாரா வாரம்" என்று நான் நடுவில் புகுந்து சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார். அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவார் போல இருந்தது.

"ஏம்மா எங்கிட்ட சொன்னீங்க? சொல்லாம இருந்திருந்தா நான் பாட்டுக்கு எடுத்துக்கினு போயி, சமைச்சி, நாலு பேருக்குப் போட்டிருப்பேன். அண்ணாமலையார் பாத்துக்கினு இருந்திருப்பார், அது அவர் பாடு. இப்ப எனக்குத் தெரிஞ்சி போச்சி. இனிமே நான் எப்படி எடுத்துக்கினு போறது?"

"எடுத்துக்காதீங்கன்னு சொல்லலீங்க. தெரிஞ்சி எடுத்துக்குங்கன்னுதான் சொன்னேன்."

"நீங்க பண்ணது சரிம்மா. ஆனா எனக்கு நல்லது பண்ணல" என்றார். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அம்மாவைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுக் காரில் ஏறினார்.

அவர் போனதும் அம்மா, "எட்டுக்கும் செவப்பு பெயிண்ட் அடிச்சிடு" என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

பௌர்ணமிக்கு முதல் நாள் சாயங்காலம் கடை வாசலில் அண்டாக்களை வரிசையாக வைத்து பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு குட்டியானை வண்டி போனது. வேறொரு சப்ளையர் கடையுடையது. அதில் அடுக்கிய அண்டாக்களுக்கு மேலே கோதண்டம் ஐயாவின் அன்னதான பேனர் மடித்து வைத்திருந்தது. அந்தக் கடையில் சைவம், பிரியாணி என்று தனித்தனியாக எந்தக் காலத்திலும் வைத்துக்கொண்டதில்லை. தொழிலில் இருக்கிற எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அடுத்த கடை அண்டாவைப் பற்றி வாடிக்கையாளரிடம் வாய் திறக்கக் கூடாது என்பதும் எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு. ஓடிப்போய் வண்டியை மறிக்கலாமா என்று கால் துடித்தது. மறித்து என்ன சொல்வது? தெரியாமல் இருப்பதைத்தானே அவர் கேட்டார். அவர் கேட்டது அவருக்குக் கிடைத்துவிட்டது. மறுநாள் ஆயிரக்கணக்கான ஜனங்கள் அந்தச் சோற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டிருப்பார்கள். சாமி குத்தம் ஒன்றும் யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

அதற்கப்புறம் நடந்ததும் குழப்பம்தான். அண்டாவுக்குச் சிவப்பு அடித்த சேதி கேட்டு தாஜுதீன் மாஸ்டர் வந்தார். தனக்கு வருகிற ஆர்டருக்கெல்லாம் எங்கள் அண்டாதான் என்றார். அவர் பின்னால் கட்சிக்காரர்களும் காதுகுத்து என்று சொல்லிக்கொண்டு பழையபடி வந்தார்கள். அந்த எட்டு அண்டாவால்தான் கடை நிமிர்ந்தது. கவிதா வந்து பொறுப்பு எடுத்தபோது கடைக்கு உயிர் இருந்தது. அம்மா உண்மை சொன்னதால் கடை பிழைத்தது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உண்மை சொன்ன அன்று கடை செத்துத்தான் போனது. பிழைத்தது பிரியாணியால். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று எத்தனையோ நாள் யோசித்துவிட்டேன். கவிதா, நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான்.

பெயிண்ட் அடித்த அந்தச் சாயங்காலத்தில் இன்னும் ஒரு சமாச்சாரம் பாக்கி இருக்கிறது. குட்டியானை சந்து திரும்பிப் போனதும் பின்னால் ஆள் நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் அம்மா. கடைசிப் படியில் நின்றிருந்தார்.

"முருகேசு, நான் மட்டும் அன்னிக்கி வரலன்னா, நீ அவருகிட்ட சொல்லியிருப்பியா?"

பிரஷ்ஷைக் கீழே வைத்தேன். பொய் சொல்லலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது.

"சொல்லியிருக்க மாட்டேம்மா. நாலு குடும்பம் இருக்குதே."

"தெரியும். அதனாலதான் எறங்கி வந்தேன்" என்று சொல்லிவிட்டு, மூட்டு வலிக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறிப் போனார்.

என் வாயிலிருந்து பொய் வரக் கூடாது என்று வந்தாரா, என்னை நம்ப முடியாது என்று வந்தாரா? எனக்கு அன்று கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் உழைத்தவனைப் பற்றி இப்படியா நினைப்பார்கள் என்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் கத்தினேன். அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே, "அவங்க நெனச்சது தப்பா?" என்று கேட்டாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.